பெருந்தலைவரும் நம் கடைப் பையன்களும்

ஜூலை 15 வந்தால் நம் கடைகளில் காமராஜர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவரும் கடையில் நின்றவர்தான் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? விருதுநகரில் தந்தையை இழந்து, படிப்பை விட்டு, மாமாவின் துணிக்கடைக்குப் போனவர். அவர் படித்ததோ, ஊரார் பிடியரிசி கொடுத்து நடத்திய பள்ளி.

1954-ல் முதலமைச்சரானவர் இதையெல்லாம் மறக்கவில்லை. ஊர்தோறும் பள்ளி திறந்தார். பசியோடு வந்த பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார். அரசுப் பணம் மட்டும் போதாதென்று பொதுமக்களிடமும் கேட்டு வாங்கினார். 1963-ல் பதவியைத் தாமாகவே விட்டார். 1975-ல் மறையும்வரை சென்னையில் இருந்தது வாடகை வீட்டில்.

நாங்களும் அந்த மதியச் சோற்றில் படித்தவர்கள்தாம். அப்படியிருந்தும் போன வருடம், பத்தாவதில் தவறிய பையனை மண்டியில் மூட்டைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டோம். ஆள் கிடைக்காத காலம். சுறுசுறுப்பான பையன், விட மனமில்லை. படம் என்னவோ கல்லாவுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது! இவ்வருடம் அவனை மறுபடி பரீட்சைக்கு அனுப்பினோம், சம்பளம் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்ட பையன்களின் பரீட்சைக் கட்டணத்துக்குச் சங்கத்து மகமையில் ஒரு பங்கு ஒதுக்கலாம் என்பது எங்கள் கருத்து. மாலைச் செலவைவிட அது அதிகமிராது.