எஸ்.பி.எம். தேர்வில் வராத எண்

“சார், இது எஸ்.பி.எம். தேர்வில் வருமா?”

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணைப் பற்றி வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் கேட்ட முதல் கேள்வி இது. அடுத்தவர், “இதனால் என்ன பயன், சார்?” என்றார்.

அந்த எண்ணைக் கண்டவர் அமெரிக்காவின் லூக் டுரண்ட். 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் அது கிடைக்கும். அதில் 41,024,320 இலக்கங்கள் உள்ளன.

“வங்கிக் கணக்கைப் பாதுகாக்கப் பகா எண்கள் உதவுகின்றன” என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால், அந்த வேலைக்குச் சில நூறு இலக்கங்கள் கொண்ட பகா எண்களே போதும். இந்தப் பெரிய எண்ணுக்கு அங்கே வேலை இல்லை. தேர்விலும் இது வராது. பிறகு ஏன் படிக்க வேண்டும்?

இவ்வளவு பெரிய எண் பகா எண்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? அதில்தான் பாடமே இருக்கிறது.

5 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 31. இப்போது 4-இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்தால் 14. மீண்டும் அதையே செய்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு முறை செய்தால் 62. 31-ஆல் வகுத்தால் மீதி சுழியம். 5-இல் 2 குறைவாக, மூன்றாம் படியில் சுழியம் வந்துவிட்டது. ஆகவே 31 பகா எண்.

லூக்காஸ் தொடங்கி, லெமர் செம்மைப்படுத்திய சோதனை இது. டுரண்டின் எண்ணை உறுதி செய்ததும் இதே சோதனைதான். நமக்கு மூன்று படிகள். கணினிக்கு 136,279,839 படிகள். வேறுபாடு அவ்வளவே.

இச்சோதனை இவ்வகை எண்களுக்கு மட்டுமே பொருந்தும். எந்த எண்ணையும் விரைவாகவும் ஐயமின்றியும் சோதிக்க ஒரு பொதுவழி உண்டா என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. 2002-இல் இந்தியாவின் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து விடை வந்தது. தந்தவர்கள் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், இளநிலைப் பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இரு மாணவர்களும்.

செமோரில் என் மாணவர்கள் பலரின் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். “இதெல்லாம் நமக்கு எட்டாது, சார்” என்ற பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். தேர்வில் வருவதை மட்டுமே கற்பித்து, அந்த எண்ணத்தை வளர்த்ததில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. மாதம் ஒரு பாடவேளையாவது, மதிப்பெண் இல்லாத ஒரு கேள்விக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை காத்திருக்காதீர்கள், மாணவர்களே. 7 இரண்டுகளுக்கு 127, ஐந்து படிகள். 11 இரண்டுகளுக்கு 2047, ஒன்பது படிகள். இரண்டில் ஒன்றுதான் சுழியத்தில் முடியும். எது என்று யாரிடமும் கேட்காமல், தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே கண்டுபிடியுங்கள்.