டிக்கெட் போடுங்கள், காசு தருகிறோம்

ஜல்லிக்கட்டு பார்க்கக் காசு கிடையாது என்று யாராவது சொன்னால், அவர் ஒன்று மாடு வைத்திருப்பவராக இருப்பார், இல்லை பாஸ் வைத்திருப்பவராக இருப்பார். இரண்டும் இல்லாமல், பெண்டாட்டி பிள்ளையைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்புகிறோமே, எங்கள் கணக்கு வேறு. வண்டி நிறுத்த ஒரு காசு. டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நிற்க ஒரு காசு. வெயிலில் தொண்டை வறண்டால் தண்ணீர் பாட்டிலுக்கு எந்த ஊரிலும் இல்லாத விலை. அத்தனையும் கொடுத்துவிட்டுப் பார்ப்பது என்ன? முன்னால் நிற்பவரின் முதுகு. மாடு வந்ததையும் பிடிபட்டதையும் மைக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். “இதுக்கு வீட்லயே டிவில பாத்திருக்கலாம்ல?” என்று பின் சீட்டிலிருந்து கேள்வி வரும். பதில் சொல்ல வாய் வராது.

பெருமைக்குக் குறைச்சல் இல்லாத மாவட்டம் எங்களுடையது. தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம் புதுக்கோட்டை என்று மார்தட்டிக்கொள்வோம். அலங்காநல்லூருக்கும் பாலமேட்டுக்கும் பொங்கல் வரை பொறுக்க வேண்டும்; எங்கள் கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில் புத்தாண்டு பிறந்த சில நாட்களிலேயே வருடத்தின் முதல் மாடு அவிழ்ந்துவிடும். 2025-இல் ஜனவரி 4-ஆம் தேதியே அவிழ்த்தார்கள். அதன் பிறகு மே மாதம் வரை ஓய்வில்லை. இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர், நடுவில் வடமாடு, மஞ்சுவிரட்டு. 2019-இல் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்து உலக சாதனை என்று அறிவித்தோம். அந்த வருடம் முதலமைச்சரே வந்து தொடங்கிவைத்தார்.

இந்த உரிமை சும்மா வந்ததும் இல்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியதைப் போலவே ஊர் ஊராகப் பிள்ளைகள் கூடி உட்கார்ந்தார்கள், சட்டம் வந்தது. 2023 மே 18-ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. மாடு வைத்திருந்தவர்கள் மட்டுமா போராடினார்கள்? மாடே இல்லாதவர்கள், பிடிக்கத் தெரியாதவர்கள், பார்க்க மட்டும் தெரிந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் பனியில் கிடந்தார்கள்!

அப்படி மீட்டெடுத்த ஜல்லிக்கட்டில் மாட்டுக்கு மரியாதை உண்டு. கால்நடை மருத்துவர் பரிசோதித்துத்தான் வாடிக்குள் விடுகிறார். வீரருக்கும் உண்டு. டாக்டர் பார்க்கிறார், பனியன் கொடுக்கிறார்கள், சுற்று வாரியாக இறக்குகிறார்கள். திமிலைத்தான் பிடிக்கணும், வாலைத் தொடாதே, கொம்பைத் தொடாதே என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார். மாட்டுக்கு டோக்கன், வீரருக்கு டோக்கன். பார்க்க வந்தவனுக்கு? கேலரி உறுதியாக இருக்கிறதா என்று பொதுப்பணித் துறை பார்க்கிறது. அதில் யார் ஏறுவது என்று பார்க்கத்தான் ஆளில்லை.

முதலில் வண்டிக் கதை. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே போலீஸ் தடுப்பு. அதில் குற்றம் சொல்ல மாட்டேன். மாடு ஏற்றிய குட்டியானைகள் ராத்திரியிலிருந்தே ரோட்டோரம் வரிசை கட்டி நிற்கும்போது எங்களையும் உள்ளே விட்டால் ஆம்புலன்ஸ் எப்படி வெளியே போகும்? சரி, எங்கே நிறுத்துவது என்று கேட்டால், காவலர் லத்தியைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, “அங்கிட்டு எங்கயாச்சும் விடுங்க” என்கிறார். அந்த ‘எங்கயாச்சும்’ என்ற இடத்தில் சம்பா அறுத்த வயல் ஒன்று இருக்கும். வரப்பை வெட்டி வழி விட்டிருப்பார்கள். நான்கு முளைக்குச்சி, ஒரு நைலான் கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பதினைந்து வயதுப் பையன் ஒருவன்.

“அண்ணே, பைக்குக்கு அம்பது.”

“போன ஊர்ல இருபதுதானப்பா?”

“அது போன ஊருண்ணே.”

ஐம்பது கொடுத்தால் ஒரு சீட்டு கிழித்துக் கொடுக்கிறான். அதில் தேதி இல்லை, முத்திரை இல்லை, யார் வசூலிக்கிறார்கள் என்ற விவரம் இல்லை. நான் வாங்கிய சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். போன வருஷத்துக் கரகாட்ட நோட்டீஸ். ஏழு மணிக்கு ஐம்பது என்றது ஒன்பது மணிக்கு நூறு ஆகிறது. வயல் நிறைந்துவிட்டால் பக்கத்து வயல், அங்கே வேறு கயிறு, வேறு பையன், வேறு விலை. நான் ஐம்பது ரூபாய்க்காக அழவில்லை. வயல்காரருக்கு நாலு காசு கிடைத்தால் சந்தோஷம்தான். உழுது போட்டதில் கிடைக்காததை உழாமலாவது எடுக்கட்டும். ஆனால் சாயங்காலம் திரும்பி வந்தால் கயிறும் இல்லை, பையனும் இல்லை. என் வண்டியை நாலு பக்கமும் அடைத்து நாற்பது வண்டி. ஹெல்மெட் போன இடம் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? கரகாட்டக்காரரிடமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மச்சான், அங்கே பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போனால் சில நாள் டிக்கெட் காசைவிடக் கார் நிறுத்துகிற காசு கூடிவிடுகிறது என்று புலம்புவான். கேட்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் எந்த இடத்தில் எவ்வளவு என்று முதல் நாளே போனில் பார்த்துவிட்டு, ஒரு மைல் நடக்கத் தயாரென்றால் மலிவான இடமாகப் பிடித்துக்கொள்ளலாமாம். இங்கே நாங்கள் மூன்று கிலோமீட்டர் நடக்கத் தயார். நடந்தால் விலை குறையும் என்று எழுதிப் போட்ட பலகையைத்தான் காணோம்.

நடந்து திடலுக்கு வந்தால் கேலரி. சவுக்குக் கட்டையும் பலகையும் வைத்துப் படிப்படியாகக் கட்டி, மேலே தகரமோ பந்தலோ போட்டிருப்பார்கள். ஏணி அடியில் இரண்டு பேர் கைகட்டி நிற்பார்கள்.

“பாஸ் இருக்கா?”

“பாஸ் எங்கங்க வாங்கறது?”

“கமிட்டில.”

“கமிட்டி எங்கங்க இருக்கு?”

“மேடைல.”

“மேடைக்கு எப்படிப் போறது?”

“பாஸ் வேணும்.”

சத்தியமாகச் சொல்கிறேன், இது நான் கட்டிச் சொல்லும் நகைச்சுவை இல்லை. பாஸில் மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் வேறு. எந்த நிறம் எந்தக் கேலரிக்கு என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கட்சிக்காரருக்கு ஒரு கட்டு, அதிகாரி வீட்டு ஆட்களுக்கு ஒரு கட்டு, பரிசு கொடுத்த கடைக்காரருக்கு ஒரு கட்டு. அவர்கள் எல்லாம் பத்து மணிக்கு மேல் ஆற அமர வருவார்கள். கொடி அசைத்துக் கோயில் மாடு வெளியே வரும் நேரத்தில் அந்தக் கேலரியில் பாதி காலி. கீழே நாங்கள் கழுத்தை ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறோம். காலியாக இருக்கும் பலகையைக் காட்டிக் கேட்டால், “வர்றாங்க தம்பி, வர்றாங்க” என்கிறார்கள்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு ஆத்தா, ஏணியடியில் நின்றவனிடம், “எங்க வீட்டு மாடு அவுக்குறாகப்பா, ஒரு ஓரமா நின்னுக்கிறேன்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மாடு அவர்கள் வீட்டு மாடு! கன்றிலிருந்து பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து வளர்த்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். திடலில் அவருக்கு ஒரு முழம் பலகை இல்லை. அவருக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை எங்கே என்று கேட்டால், கைகாட்டுகிற திசையில் கருவேலங்காடு.

இதெல்லாம் சொகுசுக்காகப் பாடும் ஒப்பாரி என்று நினைக்க வேண்டாம். பார்க்க இடமில்லாதவன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவதில்லை. நூறு ரூபாய் வண்டிக்குக் கொடுத்துவிட்டு எவன் திரும்புவான்? மாடு எங்கே கிடைக்குமோ அங்கே போவான். வாடிவாசலில் இரண்டு பக்கமும் தடுப்பு இருக்கிறது. தேங்காய் நார் பரப்பி மெத்தென்று வைத்திருக்கிறார்கள். ஓடி முடித்த காளையைக் கயிறு போட்டுப் பிடிக்கிற இடத்தில்தான் கூட்டம் கட்டுக்கடங்காமல் நிற்கிறது. அங்கே வருவது பிடிபடாத கோபத்தில் இருக்கும் மாடு. உரிமையாளரைத் தேடி ஓடுகிறது, குறுக்கே நாங்கள். கூட்டத்துக்குள் புகுந்தால் எவன் எங்கே ஓடுவது? தடை நீங்கிய மறுநாளே, 2017 ஜனவரி 22 அன்று, இலுப்பூர் பக்கத்து ராப்பூசலில் இரண்டு பேர் செத்தார்கள். சாதனை படைத்த 2019 விராலிமலையிலும் இரண்டு உயிர் போனது. ஒவ்வொரு சாவுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் உட்கார இடம் கொடுத்த மனிதன் மாட்டின் பாதையில் நிற்க மாட்டான் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

சேப்பாக்கத்தைப் பார் என்று சொல்ல எனக்கு ஆசை இல்லை. 2025 ஐபிஎல்லில் சென்னையின் முதல் ஆட்டத்துக்கு ஆகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். ஆன்லைனில் மட்டும்தான். திறந்த நிமிடத்தில் நமக்கு முன்னால் லட்சம் பேர் நிற்பதாகப் போன் காட்டும். நம் முறை வரும்போது எல்லாம் தீர்ந்திருக்கும். பிறகு அதே டிக்கெட் எவனோ ஒருவன் கையில் பல மடங்கு விலையில் முளைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். புதுக்கோட்டையிலிருந்து கிட்டத்தட்ட நானூறு கிலோமீட்டர் ரயிலில் போய் அதைப் பார்க்க நம்மால் ஆகாது. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த 1,700-ஐக் கொடுத்தவனுக்கு ஒரு நம்பர் இருக்கிறது. அந்த நம்பரில் அமைச்சரின் மச்சினன் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பலாம். அந்த டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோ ரயிலில் போய்வரத் தனிக் காசு இல்லை என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். கார் நிறுத்த இடம் தேடும் தலைவலியில் பாதி அதிலேயே குறைந்தது. எங்களிடம் காசு வாங்கிக்கொள்கிறார்கள், நம்பர் கொடுப்பதில்லை.

இங்கேயும் நம்பர் போட்டு டிக்கெட் கொடுக்கலாமே என்று கமிட்டிப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. “சாமி காரியத்துக்கு டிக்கெட் போடச் சொல்றியாப்பா? மொத மாடு கோயில் மாடு. அத யாரும் புடிக்கவே மாட்டாக. அதப் பாக்கக் காசு வாங்குனா ஊரு என்ன பேசும்?” நியாயமான கேள்விதான். அவர் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அரசிதழில் ஊர்ப் பெயர் வரவேண்டும், அதற்கு அலைய வேண்டும். தடுப்புக் கட்ட, கேலரி கட்ட, காப்பீடு எடுக்க, வருகிறவர்களுக்குச் சோறு போட, எல்லாம் தலைக்கட்டு வரியிலும் நன்கொடையிலும்தான். நன்கொடை கொடுத்தவர் பாஸ் கேட்டால் எப்படி இல்லை என்பது?

ஆனால் பெரியவரே, டிக்கெட் போட்டால் வியாபாரம் ஆகிவிடும் என்கிறீர்கள். வியாபாரம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. வயலில் நடக்கிறது, டிரெய்லரில் நடக்கிறது, மொட்டை மாடியில் நடக்கிறது. கமிட்டிக்கு அதில் பைசா வரவில்லை, எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை, இடையில் யார் யாரோ காசு பார்க்கிறார்கள். வாரச்சந்தைக்கு ஆடு ஓட்டிப் போனால் இவ்வளவு சுங்கம் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்; கூடுதலாகக் கேட்டால் பலகையைக் காட்டிச் சண்டை போடலாம். சண்டை போடுவதற்கு ஒரு பலகைகூட இல்லாமல் ஒரு கூட்டத்தை நடத்துகிறோமே, அது சாமிக்கு மட்டும் அடுக்குமா?

பெரிய கோரிக்கை ஒன்றும் இல்லை. வண்டி நிறுத்தும் வயலை ஊராட்சியே குறித்து, பைக்குக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று எழுதிப் போடட்டும். வயல்காரருக்கு உள்ளதை அவருக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கமிட்டி வைத்துக்கொள்ளட்டும். சீட்டில் தேதியும் வண்டி நம்பரும் இருக்கட்டும், சாயங்காலம் வரை ஒரு ஆள் இருக்கட்டும். திருவிழாவுக்கு விடுவதுபோல, புதுக்கோட்டையிலிருந்தும் கீரனூரிலிருந்தும் நாலு சிறப்புப் பேருந்து விட்டால் பாதிப் பைக் வீட்டிலேயே நின்றுவிடும். கேலரியில் நன்கொடையாளருக்கு ஒரு பக்கம் போகட்டும். ஒரு பக்கம் உள்ளூர்ச் சனத்துக்கு இலவசமாக இருக்கட்டும். மூன்றாவது பக்கத்தில் எங்களைப் போல வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஐம்பதோ நூறோ வைத்து நம்பர் போட்ட டிக்கெட் கொடுங்கள். மாடு கொண்டுவந்த வீட்டுப் பெண்களுக்கு, டோக்கனோடு சேர்த்தே ஒரு இடம் கொடுங்கள். ஒன்பது மணிக்குள் வராத பாஸ் செல்லாது என்று மைக்கில் அறிவியுங்கள். ஒரே ஊரில் ஒரே வருஷம் செய்து பாருங்கள், அடுத்த வருஷம் அமைச்சர் வீட்டாரும் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மதுரைக்காரர்களுக்கு 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் ஐயாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் அரங்கமே கட்டித் திறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்ததை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. வாடிவாசல் எண்ணிக்கையில் முதலிடம் எங்களுக்கு என்றால், அத்தனை வாடிவாசலுக்கும் கான்கிரீட் அரங்கம் கட்ட அரசாங்கத்தாலும் ஆகாது, கட்டினால் ஊர்த் திடலின் அழகும் போய்விடும். சவுக்குக் கட்டையே போதும். அதில் எனக்கென்று ஒன்றரை அடி பலகை, அதற்கு ஒரு நம்பர். காசு இந்தாருங்கள், சட்டைப்பையில் தயாராகத்தான் வைத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். கரகாட்ட நோட்டீஸ் மட்டும் வேண்டாம்.