பளபளப்புக்குச் சான்று உண்டு, பிறப்புக்கு இல்லை

பழைய இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கண்டால் முதலில் கேட்கப்படுவது அதன் விலை. அடுத்தது அதன் வேகம். அது எந்த நாட்டுச் சந்தைக்காகக் கட்டப்பட்டது, எந்த எஞ்சினோடு ஆலையை விட்டு வெளியேறியது என்னும் கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. இந்த அலட்சியம் தனிமனிதர்களோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சட்டமே அதற்குத் துணைபோகிறது.

மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத வாகனமே விண்டேஜ் வாகனம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம்; எண் பலகையில் 'விஏ' என்னும் எழுத்துகள். விண்ணப்பத்தோடு கேட்கப்படுபவை காப்பீடு, இறக்குமதியான வண்டி என்றால் சுங்க நுழைவுச் சீட்டு, ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய பதிவுச் சான்று. ஆலை ஆவணம் அந்தப் பட்டியலில் இல்லை. மூல வடிவம் எதுவென்று தெரியாமல் அது மாறவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

1961இல் ஜெனிவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் முற்பகுதி, நடு உடலோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட குழாய்ச் சட்டம். சேஸி எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்தச் சட்டத்தில்தான். துருவோ விபத்தோ அதைத் தின்றால் புதிய சட்டம் வரும். எண்ணும் புதிதாகப் பொறிக்கப்படும். ஆக, உலோகத்தின் சாட்சியம் மட்டும் போதாது. சேஸி, எஞ்சின், கியர்பாக்ஸ், உடற்கூடு ஆகிய நான்கின் எண்களும் ஆலைப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். உரிமையாளர் கட்டணம் செலுத்திக் கேட்டால் ஜாகுவாரின் பாரம்பரிய ஆவணப் பிரிவு அந்த விவரங்களைச் சான்றாகத் தருகிறது. முதல் வண்ணம், உற்பத்தி நாள், அனுப்பப்பட்ட விநியோகஸ்தர் யார் என்பனவும் அதில் இருக்கும்.

எண்களே பல உண்மைகளைப் பேசும். 3.8 லிட்டர் மூடுகூரை வகையில் வலப்பக்க ஸ்டீயரிங் கார்களின் வரிசை 860001இல் தொடங்குகிறது. இடப்பக்க ஸ்டீயரிங் கார்களின் வரிசை 885001இல். பின்வரிசை எண்ணைத் தாங்கிய வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால் அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எஞ்சின் எண்ணின் இறுதியில் வரும் 8 அல்லது 9 அதன் அழுத்த விகிதத்தைக் குறிக்கும். அதைப் பார்க்காமலேயே 265 குதிரைத்திறன் என்னும் விளம்பரக் கணக்கை ஒப்புவிப்பது அறிவாகாது.

"பழைய வண்டியில் பாகம் மாற்றாமல் இருக்க முடியுமா?" என்பார்கள். முடியாது; அப்படி எவரும் கோரவும் இல்லை. 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' பற்றிய வழக்கில், 1990இல் லண்டன் நீதிமன்றம் இதையே எடைபோட்டது. பந்தயத்தில் ஓடிய பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. ஆகவே அதை 'மூலம்' என்று நீதிபதி ஏற்கவில்லை. ஆயினும் அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்ததால் 'உண்மையானது' என்று தீர்ப்பளித்தார். பாகம் மாறலாம், மாறிய கதை மறையக் கூடாது. அந்தக் கதையைத் தாங்குவது காகிதம்.

இங்கே நடப்பதோ தலைகீழ். புதுப்பிக்கும் பட்டறையில் பழைய வண்ணத்தோடு தகடும் முத்திரையும் தேய்க்கப்படுகின்றன. பழைய ரசீதுகள் குப்பைக்குப் போகின்றன. வாங்குபவர் கோடிகளைக் கொடுத்துவிட்டுக் கையில் பெறுவது ஒரு மெருகு மட்டுமே.

தீர்வு கடினமானதன்று. பதிவு விண்ணப்பத்தோடு ஆலைப் பதிவேட்டுச் சான்று இணைக்கப்பட வேண்டும். ஆலை அழிந்துபோன வண்டிகளுக்கு மாற்று ஆதாரம் கோரப்பட வேண்டும். மாற்றப்பட்ட பாகங்களின் பட்டியல் பதிவுச் சான்றிலேயே இடம்பெற வேண்டும். மாற்றத்தை ஒப்புக்கொண்ட வண்டிக்கு இழுக்கில்லை. மறைத்த வண்டிக்கு 'விஏ' எண் கொடுப்பது, பொய்க்கு அரசு முத்திரை குத்துவதாகும்.