பழைய காரைச் சுரண்டாதீர்கள்!

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எனது பால்ய நண்பர் ஒருவர் கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாண நகரில் வாடகைக் கார் ஓட்டியவர். கார், ஒஸ்ரின் ஏ-40 சமர்செற். இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை மாத்திரமே தயாரிக்கப்பட்ட வகை. தகப்பனார் காலமான பின்னர் அது வீட்டுக் கொட்டிலில் கிடந்தது.

அந்தக் காரை நான் நன்கு அறிவேன். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளானபோது, குடாநாட்டின் ஏனைய பழைய கார்களைப் போல அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. சேலைன் குழாய் வழியாகச் சில துளி பெற்றோலைக் கொடுத்து இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்ற வித்தையை அக்காலத்தில் அங்கு வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பொனற்றைத் திறந்து திறந்து அதன் முன் விளிம்பில் வர்ணம் தேய்ந்திருந்தது. சாரதியின் பக்கக் கதவில், கண்ணாடிக்குக் கீழே, பெரியவர் வலது முழங்கையை ஊன்றுகின்ற இடத்தில் அடிப்பூச்சு தெரிந்தது. மற்றும்படி கார் முழுவதும் வெளிறிச் சாம்பல் பூத்திருந்ததே தவிர, தகடு பெரும்பாலும் நலமாகவே இருந்தது.

நண்பர் அதனை ஒரு கராஜில் ஒப்படைத்து, "அப்பாவின்ரை காரைப் புதுசாக்கித் தாங்கோ" என்றார். சில கிழமைகளில் புதுசாக்கித் தந்தார்கள். பழைய வர்ணத்தைத் தகடு வரை சுரண்டி, பட்டி வைத்து, இன்றைய வர்ணத்தை அடித்து, முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கச் செய்திருந்தார்கள். இரண்டாவது மாரியோடு சக்கர வளைவுகளின் மேல் கொப்புளங்கள் எழுந்தன. பட்டிக்குக் கீழே துரு உயிரோடு இருந்தது. பெரியவரின் முழங்கை பதிந்த இடந்தான் இல்லாமற் போயிற்று.

இது ஒரு நண்பரின் கதை மாத்திரமன்று. வெளிநாடுகளில் வாழும் எம்மவர் பலர் அன்பின் பெயரால் இதே தவறைச் செய்கின்றார்கள். ஆகவே சற்றுக் கடுமையாகவே எழுதுகின்றேன். மங்கிப்போன பழைய வர்ணம் பெரும்பாலும் செத்துப்போன வர்ணம் அன்று. அதனை மீட்க முடியும். மீட்கக்கூடியதைச் சுரண்டி எறிவது பராமரிப்பு ஆகாது.

வர்ணம் ஏன் மங்குகின்றது? நிறப்பொடியும் அதனைப் பிணைத்து வைத்திருக்கும் பிசினும் சேர்ந்த மெல்லிய படலமே வர்ணம். வெயிலின் புறஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஒட்சிசனும் பிசினைச் சிதைக்கின்றன. பிசின் போனதும் நிறப்பொடி பிடிமானம் இழந்து, சுவரில் அடித்த சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டுகின்றது. மேற்பரப்பு கரடுமுரடாகி, ஒளியை நேராகத் தெறிக்கவிடாமல் நாலாபுறமும் சிதறடிக்கின்றது. இதனைத்தான் நாம் "சாம்பல் பூத்துவிட்டது" என்கின்றோம். அழிந்தது மேல் தோல் மாத்திரமே. அதன் கீழே நல்ல வர்ணம் காத்திருக்கின்றது.

அக்காலத்து வர்ணங்கள் இதற்கு இடம் கொடுப்பவை. 1923 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஓக்லண்ட் கார்களுக்கு டூக்கோ என்னும் நைட்ரோசெலுலோஸ் வர்ணம் பூசப்பட்டது. அதற்கு முன்னர் ஒரு காருக்கு வர்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் நாட்கள் பிடித்தன. புதிய வர்ணம் விரைவாகக் காய்ந்தது. ஆனால் அடித்தவுடன் அது மினுங்குவதில்லை. தேய்த்துத்தான் அதற்கு மினுக்கம் வரவேண்டும். பின்னர் எனாமல் வகைகளும் பரவலாயின. எவ்வாறாயினும் எங்கள் ஏ-40களிலும் மொறிஸ் மைனர்களிலும் நிறம் மேலேயே இருந்தது. அதன் மீது இன்றைய கார்களில் உள்ளதைப் போன்ற நிறமற்ற மேற்பூச்சு இல்லை. ஆகவே மங்கிய தோலை நீக்கினால் அதே நிறம் மீண்டும் வெளிப்படும்.

உங்கள் கார் எந்த வகை என்று அறிவதற்கு நிபுணர் தேவையில்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிறிதளவு பொலிஷ் எடுத்து, மறைவான ஓர் இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது பழைய வகை வர்ணம். ஏறாவிட்டால் நிறமற்ற மேற்பூச்சு இருக்கின்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த மேற்பூச்சு மங்கியிருந்தால் மெருகேற்றலாம். பாம்புச் சட்டை போல உரியத் தொடங்கியிருந்தால் எந்தப் பொலிஷும் உதவாது. மீண்டும் வர்ணம் அடிக்கத்தான் வேண்டும். எனது வாதம் அத்தகைய கார்களைப் பற்றியதன்று.

மெருகேற்றுவதற்கு வேண்டியது பொறுமை. காரை நிழலில் நிறுத்தி, மென்மையான சவர்க்காரத்தால் கழுவுங்கள். எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல்லிலிருந்து வருவது. அது தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் படியும். ஆகவே உடனே துடைத்துவிட வேண்டும். பின்னர் மிகவும் மென்மையான பொலிஷைக் கொண்டு, ஒரு சாண் அகலத்துக்கு ஓர் இடமாகக் கையாலேயே தேய்க்க வேண்டும். துணி நிறமேறியதும் திருப்பிக்கொள்ள வேண்டும். மென்மையானது பலிக்காவிட்டால் மாத்திரமே அடுத்த தரத்துக்குப் போகலாம். எடுத்த எடுப்பில் கரடான கொம்பவுண்டைப் போட்டு இயந்திரத்தை ஓடவிடுபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். முழு வர்ணப் படலமுமே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குதான். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அதனிலும் குறைவு. அவ்விடங்களில் இயந்திரம் பட்டால் ஒரு கணத்தில் தகடு தெரியும். இறுதியாக நல்ல மெழுகு பூச வேண்டும். பிரேசிலின் ஒரு வகைப் பனையோலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகு பெயர்பெற்றது. எங்கள் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் சில மாதங்களுக்கு ஒருமுறை மெழுகைப் புதுப்பிக்காவிட்டால், செய்த வேலை வீணாகும்.

மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தடவி மினுக்குகின்ற பழக்கத்தையும் கைவிடுங்கள். அது இரண்டு நாள் மினுக்கம். பின்னர் அந்த எண்ணெயில் புழுதி ஒட்டும். உடனடிப் பளபளப்புத் தருவதாக விற்கப்படும் சிலிக்கன் திரவங்களும் எதையும் மீட்பதில்லை, மறைக்கின்றன. அவற்றின் எச்சம் கிடக்கும் தகட்டில் என்றாவது வர்ணம் அடிக்க நேர்ந்தால், வர்ணம் மீன் கண்கள் போலக் குழிகுழியாக விலகும்.

அப்படியானால் கராஜ்கள் ஏன் முழு வர்ணத்தையே பரிந்துரைக்கின்றன? அதில்தான் கூலி அதிகம். பட்டியும் புது வர்ணமும் துருவை மறைக்கும் என்பதால் விற்பவருக்கும் இலாபம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியபோது பளபளப்பை நம்பி ஏமாந்தவர்களை நான் அறிவேன். மங்கிய வர்ணம் பொய் சொல்வதில்லை. எங்கே துரு, எங்கே மோதல் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இதனிலும் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. இன்று பரவலாகவுள்ள இரு கலவை வர்ணங்களின் கடினமாக்கியில் ஐசோசயனேற்று என்னும் இரசாயனம் உள்ளது. அதன் புகாரைச் சுவாசிப்பது தொழில்சார் ஆஸ்துமாவுக்கு அறியப்பட்ட காரணம். அதனை அடிப்பவருக்குத் தூய காற்றை வழங்குகின்ற முகமூடி வேண்டும். எங்கள் கராஜ்களில் ஸ்பிறே அடிக்கின்ற பையன்களின் முகத்தில் நான் கண்டது கைலேஞ்சி. பழைய வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்த நிறப்பொடியும் உண்டு. அதனை உலர்ந்தபடி சுரண்டும்போது எழும் தூள் அவர்களுடைய நுரையீரலுக்குத்தான் போகின்றது. உங்கள் தகப்பனாரின் நினைவுக்காக இன்னொருவரின் பிள்ளை இருமவேண்டுமா?

"எனது கார், எனது காசு. உமக்கென்ன?" என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. துரு தின்ற பகுதிக்கு வர்ணம் அடிக்கக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. துருவை முற்றாக வெட்டியெடுத்து, அந்தப் பகுதிக்கு மாத்திரம் அடியுங்கள். ஒரு கதவுக்கு வந்த நோய்க்காக முழுக் காரையும் உரிக்க வேண்டியதில்லை. பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனமான ஃபிவா 2012 இல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனமும், புதிதாக்குவதைவிட உள்ளதைப் பேணுவதற்கே முன்னுரிமை கொடுக்கின்றது. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் முதல் வர்ணம் மாறாத காருக்குத் தனி மதிப்பும் விலையும் கொடுக்கின்றார்கள். நாமோ அதே வர்ணத்தைக் காசு கொடுத்து அகற்றுகின்றோம்.

போரில் வீடுகளையும் புகைப்படங்களையும் கடிதங்களையும் இழந்தவர்கள் நாங்கள். இடப்பெயர்வுகளையும் தாண்டித் தப்பிவந்த பொருட்கள் மிகச் சில. அவற்றை எங்கள் கையாலேயே அழிப்பதற்கு நியாயம் இல்லை.

சென்ற முறை வந்தபோது நண்பர் அந்தக் காரின் டிக்கியைத் திறந்து காட்டினார். மூடியின் உட்புறத்துக்குக் கராஜ்காரர்கள் வர்ணம் அடிக்கவில்லை. தகப்பனாரின் காலத்து நிறம் அங்கே ஒரு மூலையில் மங்கிக் கிடந்தது. நாங்கள் இருவரும் பழைய சாரத் துண்டொன்றைக் கிழித்து, சிறிது பொலிஷ் தொட்டு, அரைமணி நேரம் தேய்த்தோம். கருநீலம் மேலே வந்தது. காரின் வெளிப்புறம் முழுவதும் அப்படி வந்திருக்கும்.