கால் தொட்டு வணங்கினால் மட்டும் போதுமா?

தீபாவளி காலையில் தாத்தா, பாட்டி காலில் விழுந்து ஆசி வாங்குகிறோம். அங்பாவ் உறையைப் பத்திரப்படுத்துகிறோம். அதன் பிறகு அவர்களிடம் பேச நமக்கு என்ன இருக்கிறது? "சாப்பிட்டீங்களா? மருந்து எடுத்தாச்சா?" பல வீடுகளில் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. முதியோரை மதிக்க வேண்டும் என்று தமிழ்ப்பள்ளி நாளிலிருந்தே கட்டுரை எழுதி வருகிறோம். ஆனால், எதற்காக மதிக்கிறோம் என்று தெரியாமல் காட்டும் மரியாதை வெறும் பழக்கம்தான் என்பது என் கருத்து.

கிள்ளானையே எடுத்துக்கொள்வோம். சேலைக்கும் பலகாரத்துக்கும் தெங்கு கிளானா சாலைக்குப் போகிறோம். அந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் 1941-ஆம் ஆண்டு நம்மவர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். தலைவர் ஆர்.எச்.நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அன்று 10 வயதுப் பிள்ளையாக அதைப் பார்த்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். அவரைப் போன்றவர்கள் நம்மிடையே இன்னும் எத்தனை பேர்?

அடுத்து ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை போட, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1943-இல் பாதை முடிந்தது. போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

சிலரின் வாழ்க்கை பதிவாகியிருக்கிறது. 16 வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, பின்னர் ஆசிரியராகி, 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கிச் சம ஊதியத்துக்குப் போராடிய ரசம்மா பூபாலனின் வாழ்க்கை நூலாக வந்துள்ளது. பால்மரம் வெட்டியவர்களின் வாழ்க்கையை யார் எழுதுவார்கள்?

என் பாட்டிக்கு 82 வயது. கிள்ளான் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சென்ற செமஸ்டர் விடுமுறையில், அவர் சம்மதத்தோடு கைப்பேசியில் பதிவு செய்தபடி, "பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?" என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். இரண்டு மணி நேரம் பேசினார். பாட்டி கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்களாம். இறந்துவிட்டார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால் பாட்டியின் அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவே இல்லை. எந்தப் பாடநூலிலும் இது இல்லை. பாட்டி சொல்லியிராவிட்டால் எங்கள் குடும்பத்திலும் இருந்திருக்காது.

வயதானவர்கள் சொல்வதெல்லாம் சரியா, ஆண்டுகளை மாற்றிச் சொல்வார்களே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆண்டையும் எண்ணிக்கையையும் ஆவணக் காப்பகத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கழற்றாத அந்தத் தாலியைப் பற்றிக் காப்பகம் சொல்லாது. பழைய வலியைக் கிளற விரும்பாத பெரியவர்களும் உண்டு. அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். கேட்பது நம் கடமை. சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் உரிமை.

போருக்குப் பிந்திய தலைமுறையும் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் பிராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்தன. அங்கே கோயிலும் பள்ளியும் லயத்து வீடுகளும் இருந்ததை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள், நாம் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் கடையில் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

மாணவ நண்பர்களே, இதற்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்துவைத்து, "இது யாரு? எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள். பெயர்களைப் படத்தின் பின்னால் எழுதுங்கள். முதல் சம்பளம் எத்தனை வெள்ளி என்று கேளுங்கள். நம் பெரியவர்கள் பலர், "எங்க கதையில என்ன இருக்கு?" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்கள் மறைந்த பிறகு எழுதும் இரங்கல் செய்தியில் அல்ல, அவர்கள் காது கேட்கும்போதே அதைச் சொல்லிவிடுவோம்.