ஹாக்கி தேசிய விளையாட்டா? 'லாக்' பண்ணினா அவ்ளோதான்! கோடீஸ்வரர் சீட்டில் காலை வாரும் 'பொது அறிவு'

சென்னை: "இது கூடவா தெரியாது... பி தான்யா... பி-யை லாக் பண்ணு!"

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் டி.வி.யில் குவிஸ் ஷோ ஓடினால் பல வீடுகளில் கேட்கும் குரல் இது. அங்கே சீட்டில் உட்கார்ந்திருப்பவர் வேர்த்து விறுவிறுத்துப் போயிருப்பார். இங்கே பாயில் உட்கார்ந்திருப்பவர் அப்பளத்தைக் கடித்தபடியே அலட்சியமாக ஒரு கோடியை ஜெயித்து விடுவார்.

ஆனால் விஷயம் வேறு. அந்த சீட்டில் உட்காருபவரை கவிழ்ப்பது தெரியாத கேள்வி மட்டுமல்ல. சுத்தமாகத் தெரியாது என்றால் 'போதும் சார், விலகிக்கிறேன்' என்று சொல்லி, அதுவரை ஜெயித்த பணத்தோடு நடையைக் கட்டலாம். 'இது எனக்கு நல்லாத் தெரியுமே' என்று நம்பி தப்பான விடையை லாக் பண்ணுவதுதான் ஆபத்து.

ஸ்கூலில் கேட்டது, கைடில் படித்தது, செல்போனில் வந்தது என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பல 'பொது அறிவு' தகவல்கள் உண்மையே இல்லை. சில தகவல்கள் ஒரு காலத்தில் உண்மை, இப்போது இல்லை. டி.வி. பரிசில் மட்டுமல்ல, அரசு வேலைக்கான தேர்விலும் இது விளையாடுகிறது.

50 லட்சத்தில் இருந்து 'தொபுக்கடீர்'

1998-ல் பிரிட்டனில் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' என்ற பெயரில் தொடங்கியது இந்த விளையாட்டு. 2000-ம் ஆண்டு ஜூலை 3-ந்தேதி ஸ்டார் பிளஸ் டி.வி.யில் அமிதாப் பச்சன் 'கோன் பனேகா குரோர்பதி'யை ஆரம்பித்து வைக்க, நாடே டி.வி. முன்பு உட்கார்ந்தது.

தமிழிலும் சும்மா விடவில்லை. சன் டி.வி.யில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். 2012-ல் விஜய் டி.வி.யில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று சூர்யா வந்தார். அடுத்தடுத்த சீசன்களில் பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி. பிறகு பெண்களுக்கு மட்டும் என்று கலர்ஸ் தமிழில் ராதிகா 'கோடீஸ்வரி' நடத்தினார். 2020 ஜனவரியில் அதில் ஒரு கோடி ஜெயித்தவர் மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேச முடியாத பெண் என்பது தமிழகம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

அமிதாப் நடத்திய முதல் சீசன் கணக்கைப் பார்த்தால் ஆபத்து புரியும். மொத்தம் 15 கேள்வி. 5-வது கேள்வியில் 10 ஆயிரம் ரூபாய், 10-வது கேள்வியில் 3 லட்சத்து 20 ஆயிரம். இந்த இரண்டும் பத்திரமான படிகள். 14-வது கேள்வியில் 50 லட்சம், 15-வதில் ஒரு கோடி.

50 லட்சத்தை கையில் வைத்துக் கொண்டு கடைசி கேள்விக்கு தப்பாக பதில் சொன்னால்? நேராக 3.20 லட்சத்துக்கு விழ வேண்டியதுதான். ஒரே ஒரு 'லாக்'கில் 46 லட்சத்து 80 ஆயிரம் அம்போ!

இந்த ஐந்தில் உங்களுக்கு எத்தனை?

கீழே உள்ளதை விடையைப் பார்க்காமல் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

* இந்தியாவின் தேசிய விளையாட்டு எது? ஹாக்கி என்றுதானே சொல்வீர்கள்? எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே 2012-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லி விட்டது.

* தேசிய மொழி எது? அப்படி ஒன்றே கிடையாது. அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு இந்தியை மத்திய அரசின் அலுவல் மொழி என்றுதான் சொல்கிறது. எட்டாவது அட்டவணையில் தமிழையும் சேர்த்து 22 மொழிகள் உள்ளன.

* உலகின் 2-வது நீளமான கடற்கரை? 'நம்ம மெரினாதான்' என்று நெஞ்சை நிமிர்த்துபவர்கள் கவனிக்கவும். மெரினாவின் நீளம் சுமார் 6 கிலோமீட்டர். பிரேசில் நாட்டின் காசினோ கடற்கரை 200 கிலோமீட்டரைத் தாண்டும். பக்கத்தில் வங்கதேசத்தில் இருக்கும் காக்ஸ் பஜார் கடற்கரையே சுமார் 120 கிலோமீட்டர்!

* நிலவில் இருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியுமா? தெரியாது. அவ்வளவு தூரத்தில் இருந்து மனிதன் கட்டிய எதுவுமே வெறும் கண்ணுக்குத் தெரியாது. 2003-ல் விண்வெளிக்குப் போன சீனாவின் முதல் வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றி வந்தபோதே சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒப்புக் கொண்டார்.

* ஒட்டகத்தின் திமிலில் என்ன இருக்கிறது? தண்ணீர் இல்லை, கொழுப்பு.

ஐந்துக்கும் சரியாகச் சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ். மற்றவர்கள் வெட்கப்பட வேண்டாம். தப்பாகச் சொல்லிக் கொடுத்தவர்களும் எங்கேயோ கேட்டதைத்தான் சொன்னார்கள்.

ஆடியன்ஸ் காப்பாற்றுமா?

'சந்தேகமா இருந்தா ஆடியன்ஸ்கிட்ட கேட்டுக்கலாம்' என்று நினைப்பது இயல்பு. அது நல்ல யோசனையும் கூட. அமெரிக்க நிகழ்ச்சியைக் கணக்கு போட்டுப் பார்த்ததில், போன் போட்டுக் கேட்ட நண்பர் சரியாகச் சொன்னது 65 சதவீதம். அரங்கத்தில் இருந்த கூட்டம் சரியாகச் சொன்னதோ 91 சதவீதம்!

எப்படி? விடை தெரிந்தவர்கள் கூட்டத்தில் கொஞ்சம் பேர் இருந்தாலும் அவர்கள் எல்லோரும் ஒரே பட்டனை அழுத்துவார்கள். தெரியாதவர்கள் குத்துமதிப்பாக அழுத்துவதால் நாலு பட்டனுக்கும் பிரிந்து விடுவார்கள். சரியான விடை தானாக மேலே வந்து விடும்.

ஆனால் இதில்தான் ஒரு சிக்கல். எல்லோருக்குமே ஒரே தப்பைச் சொல்லிக் கொடுத்திருந்தால்? தெரியாதவர்கள் பிரிய மாட்டார்கள், ஒன்றாகச் சேர்ந்து தப்பான பட்டனை அழுத்துவார்கள். அந்த மாதிரி கேள்வியில் கூட்டத்தை நம்பினால் கூட்டத்தோடு கவிழ வேண்டியதுதான். 'எல்லாரும் சொல்றாங்களே' என்பதே எச்சரிக்கை மணி என்று எடுத்துக் கொள்ள வேண்டும்.

பிளாட்பார கைடில் பழைய விடை

இன்னொரு வகை ஆபத்து, காலாவதியான விடை. மாத்திரை அட்டையில் தேதி பார்த்து வாங்குகிறோம். பொது அறிவு புத்தகத்தில் யாரும் தேதி பார்ப்பதில்லை.

2006-ல் புளூட்டோவை கழற்றி விட்டதும் கோள்கள் 9-ல் இருந்து 8 ஆனது. தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்று படித்தவர்கள் ஏராளம். 2019-ல் அது 37 ஆகி, 2020-ல் மயிலாடுதுறை பிரிந்ததும் 38 ஆகி விட்டது. ஜம்மு காஷ்மீர் 2019-ல் யூனியன் பிரதேசமானதால் மாநிலங்கள் 29-ல் இருந்து 28 ஆனது. 8,848 மீட்டர் என்று நாம் மனப்பாடம் செய்த எவரெஸ்ட் கூட 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் வெளியிட்ட அளவுப்படி 8,848.86 மீட்டர். மக்கள்தொகையில் சீனாவை 2023-ல் இந்தியா முந்தி விட்டது என்கிறது ஐ.நா.

டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வில் 200 கேள்வி, 300 மார்க். ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். இதில் பொது அறிவு மட்டும் 75 கேள்வி. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒன்றரை மார்க் என்பது ராங்க் பட்டியலில் எத்தனையோ பேரைத் தாண்டுவது. கோடி ரூபாய் சீட் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆனால் கிராமத்தில் இருந்து பஸ் ஏறி வந்து, பாதி விலைக்கு பழைய கைடு வாங்கிப் படிக்கும் பையனுக்கும் பொண்ணுக்கும் அந்த ஒன்றரை மார்க்தான் வாழ்க்கை.

கேட்பவருக்கும் 'பல்பு'

பதில் சொல்பவர் மட்டும்தான் வழுக்குவார் என்று இல்லை. 1999-ல் பிரிட்டன் நிகழ்ச்சியிலேயே ஒரு கூத்து நடந்தது. டென்னிசில் ஒரு செட்டை ஜெயிக்க ஒருவர் குறைந்தபட்சம் எத்தனை முறை பந்தை அடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 24 என்ற பதிலை சரி என்று ஏற்றுக் கொண்டார்கள்.

பார்த்துக் கொண்டிருந்த ரசிகர்கள் விடுவார்களா? எதிராளி சர்வீஸ் போடும் 3 கேமில் அவரே எல்லா சர்வீசையும் தப்பாகப் போட்டால் இவர் மட்டையை அசைக்கவே வேண்டாம். தன்னுடைய 3 கேமில் 12 சர்வீஸ் அடித்தால் போதும். ஆக, சரியான விடை 12! டி.வி.யில் சொல்லி விட்டார்கள் என்பதாலேயே ஒரு விஷயம் உண்மையாகி விடாது என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டுமா?

கோடி அடித்தவர்கள் கில்லாடிகள்தான்

அப்படியானால் ஜெயித்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள்?

2000-ல் இந்தியாவில் முதன்முதலாக ஒரு கோடி அடித்தவர் மும்பையைச் சேர்ந்த ஹர்ஷ்வர்தன் நவாதே. ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்தவர். நாடாளுமன்ற நடவடிக்கையில் கலந்து கொள்ள அரசியல் சட்டம் யாரை அனுமதிக்கிறது என்பது அவருக்கு வந்த கடைசி கேள்வி. அட்டர்னி ஜெனரல் என்பது விடை. எம்.பி.யாக இல்லாமலே இரு அவைகளிலும் பேசலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. துணுக்கு படித்து வருகிற விடை இல்லை இது. அரசியல் சட்டத்தின் 88-வது பிரிவைப் புரட்டியிருக்க வேண்டும்.

2011-ல் பீகார் மாநிலம் மோதிஹாரியைச் சேர்ந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சுஷில்குமார் 5 கோடி ஜெயித்து அசத்தினார். நிகோபார் தீவுகளின் உரிமையை 1868-ல் ஆங்கிலேயரிடம் விற்று விட்டு இந்தியாவில் இருந்து வெளியேறிய நாடு எது என்பதுதான் அந்த 5 கோடி கேள்வி. டென்மார்க் என்பது விடை.

நம்ம தரங்கம்பாடிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 1620-ல் தஞ்சை நாயக்க மன்னரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியது அங்கேதான். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்கும் வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. டேனிஷ் கோட்டை இன்றைக்கும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து 'யாரு கட்டுனது?' என்று கேட்ட பிள்ளைக்கு, பீகாரில் ஒருவரைக் கோடீஸ்வரர் ஆக்கிய கேள்வி பாதி தெரிந்த கேள்விதான்.

பொது அறிவு என்பது புத்தகக் கடையில் மட்டும் இல்லை. உள்ளூர் கோவில் கல்வெட்டிலும், ரயில்வே ஸ்டேஷன் பலகையிலும், பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் கிடக்கிறது.

ஜெயிக்காமலே 25 லட்சமா? உஷார்!

இன்னொரு முக்கியமான விஷயம். 'கே.பி.சி. குலுக்கலில் உங்கள் நம்பருக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது' என்று அமிதாப் படம் போட்டு வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தால் நம்ப வேண்டாம். பல வருடமாக நடக்கும் மோசடி இது. வரி கட்டணும், பைல் செலவு என்று பணம் கேட்பார்கள். முதலில் சில ஆயிரம், பிறகு லட்சம்.

விளையாடாத ஆட்டத்தில் பரிசு விழாது. நிஜமாகவே ஜெயித்தவரிடமும் வரியை பரிசுப் பணத்தில்தான் பிடிப்பார்களே தவிர, 'முதலில் பணம் போடு' என்று கேட்பதில்லை. சொல்லப் போனால் 30 சதவீத வரி, அதற்கு மேல் சர்சார்ஜ், செஸ் எல்லாம் போக ஒரு கோடியில் கைக்கு மிஞ்சுவது சுமார் 65 லட்சம்தான். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

ஆக, டி.வி. சீட்டோ, தேர்வு ஹாலோ, வாட்ஸ்அப் மெசேஜோ... எல்லா இடத்துக்கும் ஒரே மருந்துதான். 'யார் சொன்னது? எப்போ சொன்னது?' என்று இரண்டு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக் கொள்ள வேண்டும். அதுக்கு லைப்லைன் தேவையில்லை.

இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுப் பிள்ளைகளிடம் தேசிய விளையாட்டு எது என்று கேட்டுப் பாருங்கள். ஹாக்கி என்று சொன்னால்... திட்டாமல் திருத்துங்கள்!