வாய் திறப்போம், அரண் காப்போம்

அரசர்கள் ஆண்ட காலத்தில் நாட்டைக் காக்க மதிலும் அகழியும் இருந்தன. வெளியே நின்ற பகைவனைக் காவலர்கள் கண்ணால் கண்டார்கள். இன்று நம் பெயரும், பிறந்த தேதியும், வங்கிக் கணக்கும், புகைப்படமும், மருத்துவக் குறிப்பும் கணிப்பொறிகளுக்குள் புகுந்துவிட்டன. அவற்றைக் கவர வருபவன் எந்த நாட்டில் அமர்ந்திருக்கிறான் என்பதுகூடத் தெரிவதில்லை. ஆகவே புதிய மதில்கள் தேவைப்படுகின்றன. ஆனால், எவ்வளவு சிறந்த அரணானாலும் உள்ளே இருப்போர் செயல்திறம் அற்றவராயின் பயன்படாது என்ற கருத்தோடுதான் வள்ளுவர் ‘அரண்’ அதிகாரத்தை முடிக்கிறார். கணிப்பொறிக் காலத்துக்கும் இது முற்றிலும் பொருந்தும் என்பதே நம் எண்ணம்.

தகவலைக் காப்பது என்றால் என்ன? அறிஞர்கள் மூன்றைச் சொல்கிறார்கள். பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். பார்க்க உரிமை உடையவர் மட்டுமே அதைப் பார்க்க வேண்டும், இது மறைவு. 45 என்று எழுதியதை எவரும் 95 ஆக்கிவிடக் கூடாது, இது மாறாமை. சான்றிதழ் எழுதும் நாளில் பதிவேடு கைக்கு வர வேண்டும்; இது கிடைத்தல். மூன்றில் ஒன்று கெட்டாலும் பதிவேட்டை நம்ப முடியாது. ஒரு நாட்டின் மின்சாரம், இரயில், வங்கி, மருத்துவமனை ஆகிய அனைத்துக்கும் இலக்கணம் இதுவே.

மூன்றாவது கெட்டால் என்ன ஆகும் என்பதை 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை கண்டது. அங்கே ஐந்து சர்வர்களில் இருந்த, ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள தகவல்களை யாரோ திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். நோயாளிகளைப் பதிவு செய்வது முதல் பல வேலைகளைப் பல நாட்கள் கையால் எழுதியே செய்ய வேண்டியதாயிற்று. வலையமைப்பை முறையாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காதது இதற்குக் காரணம் என்று அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. உள்சுவர் இல்லாத வீட்டில் ஓர் அறையில் பிடித்த தீ எல்லா அறைகளையும் எரிப்பது போலத்தான்.

அதற்கு முன் 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்னும் கொடிய நிரல் ஏறக்குறைய 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் தடுமாறின. இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்த நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் பொருத்தாமல் இருந்தவர்களே பெரிதும் அடிபட்டார்கள். வருமுன் காப்பதன் அருமையை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. தாக்குதல்களைக் கண்காணித்து எச்சரிக்க ‘செர்ட்-இன்’ என்னும் குழு 2004 இல் தொடங்கப்பட்டது. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு போன்ற உயிர்நாடியான அமைப்புகளைக் காக்க 2014 இல் தனி மையம் ஏற்பட்டது. சைபர் குற்றங்களைத் தடுக்கும் ஒருங்கிணைப்பு மையம் 2020 இல் திறந்து வைக்கப்பட்டது.

இவற்றுள் நாம் மிகவும் சிந்திக்க வேண்டியது 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த ஓர் ஆணை. தாக்குதல் நடந்ததை அறிந்த நிறுவனம் ஆறு மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது அது. ‘வெளியே தெரிந்தால் நம் பெயர் கெட்டுவிடுமே’ என்று ஒரு நிறுவனம் மூடி மறைத்தால், அதே ஆயுதம் அடுத்த நிறுவனத்தையும் தாக்கும். மறைப்பவர் தாமறியாமலேயே திருடனுக்குத் துணை போகிறார். பெரிய நிறுவனங்களுக்கே இந்த வெட்கமும் தயக்கமும் உண்டு என்றால், வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் நிலை என்ன?

தோழியரே, நாம் செய்ய வேண்டிய முதற்காரியங்கள் எளியவை. நான்கு இலக்க எண்ணில் 10,000 வகைகள்தாம் உண்டு. ஆறு இலக்கமானால் 10 லட்சம். கடவுச்சொல் நீள நீளத் திருடனின் பாடு பெருகும். ஆனால் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து வைத்தால் அவனுக்குக் கணக்கே தேவையில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வைப்பது நல்லது. ஒரே சாவியை எல்லாப் பூட்டுக்கும் வைக்கலாகாது. கைப்பேசி கேட்கும் திருத்தங்களை நாள் கடத்தாமல் ஏற்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை வங்கி அதிகாரி என்று சொல்பவருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால், பூட்டைப் பூட்டிச் சாவியைத் திருடன் கையில் கொடுத்த கதைதான்.

ஆயினும் இன்றைய திருடன் பூட்டை உடைப்பதைவிட மனத்தை உடைப்பதையே விரும்புகிறான். போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, “உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் பேசாதீர்கள்” என்கிறான். அப்படியொரு கைது நம் சட்டத்திலேயே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் நாட்டுக்கு எடுத்துச் சொன்னார். நம் வயதுப் பெண்களிடம் வேறு வலை வீசுகிறான். சாதாரணப் புகைப்படத்தை எடுத்து மாற்றி அமைத்து, “வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்” என்று மிரட்டுகிறான். இரண்டிலும் அவன் கேட்பது ஒன்றே: யாரிடமும் சொல்லாதே. நம் மௌனமே அவனுடைய மூலதனம்.

சட்டம் இதை நன்கு உணர்ந்திருக்கிறது. 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரை இத்தகைய ஆபாசப் படத்தைக் காட்டி மிரட்டுவதைக் குற்றம் என்கிறது. படம் உண்மையானதாக இருந்தாலும் புனைந்ததாக இருந்தாலும் குற்றமே. மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவர் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அவர் வீட்டிலோ விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரியே, சீருடை இன்றி வந்து வாக்குமூலம் பெற வேண்டும். அவருடைய பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இத்தகைய குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்க வழி உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பணம் பறிபோனால் 1930. உடனே அழைத்தால், பணம் சென்ற வங்கிக்குச் செய்தி போய், அங்கே எஞ்சியிருப்பதை நிறுத்தி வைக்க முடியும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

இத்தனை வாசல்கள் திறந்திருந்தும் பெண்கள் ஏன் தட்டுவதில்லை? ‘சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பை நிறுத்துவார்கள், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள்’ என்ற அச்சமே காரணம். “பெண் பிள்ளைக்குக் கைப்பேசி எதற்கு? கொடுக்காமல் இருந்தால் தொல்லை இல்லையே” என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. தேர்வு முடிவும், உதவித்தொகை விண்ணப்பமும், கல்லூரிச் சேர்க்கையும் இணையத்தின் வழியே நடக்கும் இந்நாளில் அது நடவாத காரியம். மேலும், நீந்தக் கற்காதவளைக் கிணற்றிலிருந்து விலக்கி வைப்பதால் அவள் நீச்சல்காரி ஆகிவிடுவதில்லை. தடை போட்டால் அவள் ஒளித்துப் பயன்படுத்துவாள். ஒளித்துப் பயன்படுத்துபவள் ஆபத்தையும் ஒளிப்பாள்.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். ஒரு மகள் நடுங்கிக்கொண்டு வந்து சொல்லும்போது, “நீ ஏன் அந்தப் படத்தைப் போட்டாய்?” என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். வீட்டில் திருடு போனால் திருடனைத்தானே தேடுகிறோம்? அவள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். வந்த செய்திகளை அழிக்காமல் சான்றாக வைத்திருந்து, அவளோடு சேர்ந்து புகார் கொடுங்கள். சொன்னவளுக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த மகள் சொல்லவே மாட்டாள்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒருத்தியைப் பற்றிய படம் நம் கைக்கு வந்தால் அதை அடுத்தவளுக்கு அனுப்பாமல் அங்கேயே நிறுத்துவோம். வகுப்பில் எவளேனும் திடீரென்று வாடிப்போனால் அருகில் சென்று கேட்போம். பெரியவர் ஒருவரிடம் சொல்லும்வரை அவளுடன் நிற்போம். நாட்டின் மதிலை நிபுணர்கள் காக்கட்டும். இந்த ஒரு கதவைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.